கலைச்சொல் தேவை: ‘ஃபிஃப்டி ஃபிஃப்டி புக்கிங்’

குழுமத்தாருக்கு வணக்கம்.

தொழில்முறை மல்யுத்தம் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் டபுள்யு டபுள்யு இ மல்யுத்த நிறுவனத்தின் கதைகள் ஏன் இத்தனை ஆண்டுகள் சலித்துக் கிடந்தன, அதைச் சரிசெய்ய வழி என்ன என்பதுதான் பொருள். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ரசிகர்கள் ‘ஃபிஃப்டி ஃபிஃப்டி புக்கிங்’ என்பார்கள். இந்த வாரம் இவர் அவரை வெல்வார், அடுத்த வாரம் அவர் இவரை வெல்வார். மூன்றாம் வாரம் இரண்டு பேரும் புறப்பட்ட இடத்திலேயே நிற்பார்கள். ‘புக்கிங்’ என்பது யார் வெல்ல வேண்டும், எப்படி வெல்ல வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் வேலை. இப்போதைக்கு ‘சமபங்கு முன்பதிவு’ என்று போட்டிருக்கிறேன். படித்த நண்பன், ரயில் டிக்கெட் சமாச்சாரமா என்று கேட்கிறான். தலைப்பு ‘படைப்புத் தேக்கம்’. அதுவாவது சரியா?

* * *

> ரயில் டிக்கெட் சமாச்சாரமா

தம்பி, நண்பர் கேட்டது நியாயம்தான். அந்த ஆங்கிலச் சொல்லே ஏறக்குறைய அங்கிருந்துதான் வந்தது. 1948இல் மல்யுத்த ஏற்பாட்டாளர்களின் என்.டபுள்யு.ஏ கூட்டணி உருவான காலத்தில் அமெரிக்கா வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்திருந்தது. எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்த வீரர் என்று ஆள் ஏற்பாடு செய்தவரே முடிவையும் சொன்னார். ஏற்பாட்டுக்கு இருந்த பெயர் முடிவுக்கும் ஒட்டிக்கொண்டது. அவர்கள் ஊர்ப் பழங்கதையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நம்மிடம் ‘கட்டு’ இருக்கிறது. வேடம் கட்டுகிறோம், மெட்டுக் கட்டுகிறோம், கதை கட்டுகிறோம். ‘கதை கட்டுறான்’ என்றால் புளுகுகிறான் என்றும் பொருள். மற்ற துறைகளுக்கு அது இடைஞ்சல், மல்யுத்தத்துக்கு அது கூடுதல் பொருத்தம். ஆகவே புக்கிங் என்பதற்கு ‘ஆட்டக்கட்டு’ என்கிறேன். ‘பந்தயக்கட்டு’ மட்டும் வேண்டாம், சூதாட்டம் ஆகிவிடும்.

இனி உங்கள் சொல். ‘ஈடுகட்டு’ என்று வைத்துப் பாருங்கள். ஈடு என்றால் சமம், ‘ஈடு இணை’ என்கிறோமே. ஈடுகட்டுவது என்றால் இழந்ததை வேறொன்றால் நிரப்புவது. போன வாரத் தோல்விக்கு இந்த வாரம் ஒரு வெற்றி, கணக்கு நேர். கூடவே ‘கட்டு’ என்ற சொல்லும் தானாகவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நாம் புதிதாக எதையும் ஒட்டவைக்கவில்லை.

இது ஏன் நோய் என்று கேட்டால் நான் எப்போதும் 1997 மார்ச் 23க்குத்தான் போவேன். ரெசில்மேனியா 13, அதே நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சி, சிகாகோ பக்கம். பிரெட் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டின், ‘விட்டுவிடு’ என்று ஒருவர் சொல்லும் வரை சண்டை. பிரெட் நாயகனாக உள்ளே வந்தார், ஆஸ்டின் வில்லன். முகமெல்லாம் ரத்தம் வழிய, பிரெட்டின் கால்பூட்டில் சிக்கிய ஆஸ்டின் கடைசி வரை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மயங்கித்தான் போனார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மணி அடித்த பிறகும் பிரெட் அடித்துக்கொண்டிருந்தார். பிரெட் போன பிறகு, தாங்க வந்த கையைத் தட்டிவிட்டு ஆஸ்டின் தள்ளாடித் தள்ளாடி நடந்தார், அரங்கம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரே ஆட்டத்தில் வில்லனும் நாயகனும் இடம் மாறினார்கள். ஏடு சொல்வது என்ன? பிரெட் வென்றார், ஆஸ்டின் தோற்றார், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு ரெசில்மேனியாவில் சாம்பியன் பட்டம் அதே ஆஸ்டினிடம்தான் போனது.

அந்தத் தோல்வியை யாரும் ஈடுகட்ட வேண்டியிருக்கவில்லை. தோல்வியே சொத்தாக இருந்தது. இந்தக் காலத்தில் என்ன செய்கிறார்கள்? ஒருவர் நன்றாக ஆடிக்கொண்டிருப்பார், நுழைவாயிலில் இன்னொரு வீரரின் நுழைவுப் பாட்டு ஒலிக்கும், இவர் திரும்பிப் பார்ப்பார், பின்னாலிருப்பவர் சுருட்டிப் பிடித்து, நடுவரை மூன்று எண்ண வைத்து வென்றுவிடுவார். தோற்றவருக்கும் அவமானமில்லை, வென்றவருக்கும் பெருமையில்லை. அடுத்த வாரம் அதே பாட்டு, வேறு ஆள். எழுதுபவர்கள் திறமையற்றவர்கள் என்று நான் நினைக்கவில்லை. 2012 ஜூலையில் ‘ரா’ என்ற திங்கள்கிழமை நிகழ்ச்சியை மூன்று மணி நேரமாக நீட்டினார்கள். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம், ஓய்வுப் பருவம் என்று ஒன்று கிடையாது. யாரையும் இறக்கிவிடப் பயம், ஏற்றிவிடவும் பயம். இப்படித்தான் ஈடுகட்டு பிறக்கிறது. வட்டாரக் காலத்தில் ஒரு ஊரில் சலித்த வீரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வட்டாரத்துக்குப் போவார், அங்கே அவர் புது ஆள். எண்பதுகளில் ஒரே நிறுவனம் நாடு முழுவதும் பரவியபோது அந்தப் போக்கிடம் இல்லாமல் போனது.

அப்புறம் உங்கள் தலைப்பு. தேக்கம் என்றால் எனக்கு நீர்த்தேக்கம் நினைவுக்கு வருகிறது. அது ஊருக்கு நல்லதல்லவா! ‘பாசிபிடித்த கதைகள்’ என்று வையுங்கள்.

* * *

ஐயா, எனக்கு மல்யுத்தத்தில் அண்டர்டேக்கரைத் தாண்டி ஒருவரையும் தெரியாது. அவரும் என் மகன் சிறுவயதில் சேர்த்த டிரம்ப் கார்டில் பார்த்தவர்தான். ஆனால் முப்பது வருடம் தமிழ் நடத்தியவள் என்பதால் இரண்டு கேள்வி.

ஈடுகட்டுவது நல்ல காரியம். நட்டத்தை ஈடுகட்டினான் என்றால் பாராட்டுகிறோம். நோய்க்கு ஏன் அந்தப் பெயர்? ‘சமன்கட்டு’ என்றால் போதாதா?

தோற்றவர் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் ஒரே ஆள்தானே என்றைக்கும் ஜெயிப்பார்? மகனிடம் கேட்டேன். ரோமன் ரெய்ன்ஸ் என்பவர் 1316 நாள் பட்டத்தை வைத்திருந்தாராமே. அது மட்டும் சலிக்காதா?

* * *

அம்மா, இரண்டாவது கேள்வி முதல் கேள்விக்கே பதில் தருகிறது. நான்தான் நேற்று சரியாகச் சொல்லவில்லை.

வெற்றி தோல்வி சமமாக இருப்பது நோயல்ல. ஜப்பானில் 1991 முதல் ஜி1 கிளைமாக்ஸ் என்ற தொடர் நடக்கிறது. ஒரு பிரிவில் இருப்பவர்கள் எல்லாரும் எல்லாரோடும் மோதுவார்கள். வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. பாதி ஆட்டம் தோற்றவர்கள் அங்கே நிறையப் பேர். ஆனால் ஒவ்வொரு தோல்வியும் புள்ளிப் பட்டியலில் உட்கார்ந்துகொள்கிறது. நடப்புச் சாம்பியனை அங்கே ஒருவர் வீழ்த்திவிட்டால், பிறகு ‘எனக்கொரு வாய்ப்புக் கொடு’ என்று கேட்க அவருக்கு உரிமை வந்துவிடும். 2023இல் ஏ.இ.டபுள்யு என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் ஏறக்குறைய இதே முறையில் பன்னிரண்டு பேரை வைத்து ஒரு தொடர் நடத்தியது, சாதாரண வாரத்து ஆட்டங்களுக்கே எடை கூடியது. என் கணக்கில் மலிவான மருந்து இதுதான். ‘சமன்கட்டு’ என்றால் இதையும் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிடுவோம்.

ரெய்ன்ஸ் காலத்திலேயே ஒரு எடுத்துக்காட்டு உண்டு. 2023 பிப்ரவரியில் சாமி ஜெயின் என்ற வீரர் தன் சொந்த ஊரான கனடாவின் மொன்றியலில் அவரிடம் தோற்றார். ஏப்ரலில் ரெய்ன்ஸின் உறவினர்களான ஊசோ சகோதரர்களை, பழைய நண்பன் கெவின் ஓவன்ஸோடு சேர்ந்து வென்றார். தோல்விக்குப் பின் வெற்றிதான். ஆனாலும் அது ஈடுகட்டு ஆகாது. மொன்றியலில் தோற்றது கதையில் கிடந்தது, நண்பனை மறுபடி தேடிப் போக வைத்தது. ஈடுகட்டில் முந்தைய வாரம் அழிந்துபோகும். அந்த அழிப்புதான் குற்றம், எண்ணிக்கை அல்ல.

நல்ல சொல் என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வினையாக விட்டால் குழப்பம். பெயராக மட்டும் ஆளலாம்: ‘ஈடுகட்டு ஆட்டம்’, ‘ஈடுகட்டு வெற்றி’. 1316 நாள் விவகாரம் வேறு நோய், அதற்கு வேறு இழை தொடங்குங்கள்.

தம்பிக்கு: கட்டுரையில் இப்படி எழுதிப் பாருங்கள். ‘இருவரும் மூன்று மாதம் மோதினார்கள். அத்தனையும் ஈடுகட்டு.’ வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கில் தடுக்கினால் சொல்லுங்கள், மாற்றுவோம். அந்தப் பாட்டைப் போட்டுத் திரும்பிப் பார்க்கவைத்துத் தோற்கடிப்பதற்கு என்னிடம் இன்னும் சொல் இல்லை. ‘பாட்டுப்பொறி’ என்று ஒன்று தோன்றியது. அம்மா என்ன சொல்கிறீர்கள்?