ரோலிகார்ட் ஷட்டர் பாதியில் நின்றுவிடுகிறது, எண்ணெய் விடலாமா?

கேள்வி:
கானாடுகாத்தான் வீட்டில் இரண்டாம் கட்டு அறையை ஒழித்தபோது, ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த ரோலிகார்ட் என்ற பழைய பிலிம் கேமரா கிடைத்தது. தோலுறையில் பூசணம், லென்ஸ் ஓரத்தில் சிலந்திவலை மாதிரி பூஞ்சை. ஷட்டர் வேகத்தை 1/100 நொடி வைத்தால் சரியாக அடிக்கிறது, 1 நொடி வைத்தால், ஒளியை உள்ளே விட்டு மறைக்கும் ஷட்டர் இதழ்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. எண்ணெய் விடலாமா?

பதில்:
ஐயோ, எண்ணெய் மட்டும் வேண்டாம் தம்பி! பழைய கிரீஸ் இறுகிப்போய்த்தான் 1 நொடி மாதிரி மெதுவேகங்களுக்கான பல்சக்கரங்கள் சிக்கும், அதைக் கழுவித்தான் எடுக்க வேண்டும், நீங்கள் விடும் எண்ணெய் இதழ்களில் பரவினால் அவையும் ஒட்டிக்கொள்ளும். ஷட்டர் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பதில்:
பூஞ்சை கண்ணாடியை அரிக்காமல் இருந்தால் துடைத்தாலே போகும். அப்புறம் அந்தத் தோலுறைக்குள் திரும்ப வைக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

கேட்டவர்:
சரி அண்ணே, நன்றி. இந்தக் கேமராவுக்கான 120 பிலிம் இன்னும் விற்கிறார்கள். முதல் ரோலில் ஆயாவை (பாட்டியை) வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்காரவைத்து எடுக்கப்போகிறேன்.