தூக்கமின்மை குடும்பத்தோடு வருமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பின்னிரவு:
எந்தத் தொல்லை வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் மரபணுப் பரிசோதனை ஒன்றை எடுத்தேன். ரிப்போர்ட்டில் எனக்குத் 'தூக்கமின்மை: சராசரியைவிட அதிக வாய்ப்பு' என்று வந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்னாலதான் உனக்கு இப்படியா?" என்று கேட்டார். அந்த முகம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அம்மாச்சியும் விடிய விடியத் திண்ணையில் உட்கார்ந்திருப்பாராம். உங்கள் வீடுகளில் எப்படி?

மலைக்கோட்டை:
நானும் தம்பியும் உருவொத்த இரட்டையர். அவன் பஸ்ஸில் சாய்ந்ததும் குறட்டை. நான் திருச்சியிலிருந்து சென்னை வரை ஒரு டோல்கேட் விடாமல் பார்த்துக்கொண்டு வருவேன். ஒரே மரபணுதானே! 2019-இல் 13 லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வில் நம் மரபணுத் தொகுப்பில் 202 இடங்கள் தூக்கமின்மையோடு தொடர்புள்ளவை என்று தெரிந்தது. ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். அதிலும் ஆய்வுக்கு எடுத்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்த ரிப்போர்ட்டை நம்பி அம்மா ஏன் கலங்க வேண்டும்?

நைட் ஷிஃப்ட்:
மலைக்கோட்டை, ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். எங்கள் அப்பாவுக்கும் எனக்கும் படுத்தால் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், எழுந்து நடந்தால்தான் அடங்கும். தூக்க மாத்திரை கேட்டுப் போன இடத்தில் டாக்டர் அந்த இடத்திலேயே விரலை வைத்து, "இங்கதானே? நடந்தா சரியாகுதா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்த டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. மெய்ஸ்1 என்கிற மரபணுவுக்கு இந்தக் கால் தொல்லையோடும் தொடர்பு உண்டு, தூக்கமின்மையோடும் உண்டு.

முத்துநகர் பெரியவர்:
ரிட்டயர் ஆனபின் எனக்கு வந்தது. ராத்திரி முழுக்கச் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக் கிடப்பேன். அதைக் கழற்றி ஹாலில் மாட்டியதும் பாதி பாரம் இறங்கியது. பிள்ளைகளே, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். காபியில் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அதனால் சாயங்காலக் காபியை விடுங்கள். தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து வேறு அறைக்குப் போங்கள், கண் சொருகினால் மட்டும் திரும்பி வாருங்கள். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-லேயே சொன்ன முறை இது. எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். விட்ட தூக்கத்தை மதியம் பிடிக்கப் பார்க்காதீர்கள். நாள்பட்ட தொல்லை என்றால் மாத்திரைக்கு முன்னால் தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றுகிற சிபிடி-ஐ என்கிற பயிற்சி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அமெரிக்க மருத்துவர்களின் ஏசிபி அமைப்பு 2016-இல் அதைத்தான் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. இரும்பு மாத்திரையும் டெஸ்ட் எடுக்காமல் போடாதீர்கள்.

ஒற்றையறை:
ஐயா, எந்த வேறு அறை? நாங்கள் ஐந்து பேரும் ஒரே அறையில் படுக்கிறோம். நான் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வாசற்படியில் உட்காருவேன், கொட்டாவி வந்த பிறகுதான் மறுபடி விரிப்பேன். அதுவே எனக்குப் பலன் தருகிறது. பின்னிரவு, அம்மாச்சிக்குக் கால் குடைச்சல் இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.