அலாய் வீல் விளிம்பு உரசிவிட்டது: கையாலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி:
வணக்கம். வண்டியை ஓரங்கட்டும்போது முன்பக்க அலாய் வீல் நடைபாதைக் கல்லில் உரசிவிட்டது. விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரே சொரசொரப்பு, விரலை ஓட்டினால் பிசிறு குத்துகிறது. அலுமினிய பாலிஷ் போட்டு அரை மணி நேரம் தேய்த்தும் பலனில்லை. உப்புத்தாளை எடுக்கலாமா?

பதில் 1:
பொறுங்கள். பாலிஷ் போட்ட துணி கறுத்ததா? வெறும் அலுமினியம் என்றால் நாலு இழுப்பிலேயே துணி கரியாகிவிடும். கறுக்கவில்லை என்றால் மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, இருக்கிறது. நீங்கள் தேய்த்தது அதைத்தான். இன்னொன்று, வீலின் முகத்தில் இசைத்தட்டில் இருப்பதுபோல மெல்லிய வட்டக் கோடுகள் தெரிகின்றனவா? அப்படியென்றால் அது லேத்தில் கடைந்தது. அந்தக் கோடுகளைக் கையால் திரும்பக் கொண்டுவர முடியாது.

கேட்டவர்:
கோடுகள் இல்லை, வெள்ளி நிறப் பெயிண்ட்தான். உரசிய இடத்தில் மட்டும் துணி கறுத்தது.

பதில் 2:
அப்படியானால் தாராளமாகக் கையால் செய்யலாம். முதலில் சோப்பு நீரால் நன்றாகக் கழுவுங்கள். பிரேக் தூசி ஒட்டியிருந்தால் அதுவே புதுக் கீறல் போடும். டயருக்கும் விளிம்புக்கும் நடுவே சீட்டுக்கட்டுச் சீட்டுகளை வரிசையாகச் செருகிவிடுங்கள், டயரில் பெயிண்ட் படாது.

பிசிறை மெல்லிய அரத்தால் லேசாக எடுங்கள். அப்புறம் தண்ணீர் போட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், 120, 240, 400 என்ற நம்பர் வரிசையில். நம்பர் கூடக்கூடத் தாள் நைசாகும். அலுமினியம் மென்மையான உலோகம், தாளில் அப்பிக்கொள்ளும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் தாள் அடைக்காது. ஒரு நம்பரை விளிம்போடு இழுத்தால் அடுத்ததைக் குறுக்கே இழுங்கள். பழைய கோடு எங்கே பாக்கி இருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். பெயிண்ட் முடியும் இடம் விரலுக்குத் தட்டுப்படாமல் சரிவாக இறங்க வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த கட்டம் இதுதான், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பேன்.

ஆழமான பள்ளத்துக்கு மட்டும் எபாக்ஸி பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பி இறுகும் பசை. பெயிண்ட் அடிக்கப்போகும் இடத்தை 2000 வரை வழவழப்பாக்க வேண்டாம், பெயிண்ட் பிடிக்காது. துடைத்துக் காய்ந்ததும் தாமதிக்காமல் எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு, பிறகு நிறம், கடைசியில் கிளியர் கோட். எல்லாமே மெல்லிய பூச்சாக.

பதில் 3:
இரும்புக் கம்பி நார் வேண்டவே வேண்டாம். அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து அரிப்பைக் கிளப்பும். மயிரிழை விரிசல் கண்ணில் பட்டாலோ, விளிம்பு வளைந்திருந்தாலோ பட்டி வைத்து மூடிவிடாதீர்கள். அது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. வீலைக் கழற்றி, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கேட்டவர்:
விரிசல், வளைவு எதுவும் இல்லை. பிரைமர் வரை முடித்தேன். ஆனால் காய்ந்ததும் உள்ளேயிருந்து கோடுகள் தெரிகின்றன!

பதில் 2:
120க்குப் பிறகு நேராக 400க்குப் போயிருப்பீர்கள். 120 போட்ட கோட்டை 400 அழிக்காது, பிரைமரும் நிரப்பாது. அந்த இடத்தை மட்டும் 240க்குத் திரும்பி எடுத்து, 400 போட்டு, மறுபடி பிரைமர் அடியுங்கள். நிறம் அடிக்கும் முன் 600ஆல் ஈரமாக ஒரு தேய்ப்பு.

கேட்டவர்:
ஆமாம், 240ஐ விட்டுவிட்டேன். இன்றே திரும்பத் தேய்க்கிறேன், நன்றி நண்பரே.