வீரரை வாங்குவதில் கடைசிச் சொல் யாருடையது: உரிமையாளருடையதா, மேலாளருடையதா?

நடுக்களப் பார்வையாளர் (கேள்வி)

இங்கிலாந்து பிரீமியர் லீக்கைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் எனக்கு ஒன்று மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. ஓர் அணி தொடர்ந்து சில ஆட்டங்களில் தோற்றால் வேலையை இழப்பவர் மேலாளர். ஆனால் அந்த அணியில் யார் யார் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் உரிமையாளரும், வீரர்களை வாங்கி விற்க அவர் அமர்த்திய விளையாட்டு இயக்குநரும்தான்.

2022 கோடையில் செல்சீ கழகத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த உரிமையாளர்கள் 25 கோடி பவுண்டுக்கும் மேல் செலவிட்டார்கள். வீரர்களை வாங்குவதற்கான கடைசி நாளான செப்டம்பர் 1 அன்று, அப்போதைய மேலாளர் தாமஸ் டுகெலின் கீழ் முன்பு ஜெர்மனியின் டார்ட்மண்ட் கழகத்தில் ஆடிப் பழகிய ஔபமெயாங்கைக் கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 7 அன்று டுகெலையே நீக்கிவிட்டார்கள். 33 வயதில் அவரை நம்பி வந்த அந்த முன்கள வீரர், லீக்கில் ஒரே ஒரு கோல் அடித்துவிட்டு அடுத்த கோடையில் மார்செய்க்குப் போய்விட்டார். அனுப்பிவிடப் போகிறவரின் விருப்பத்துக்கு ஏன் ஆள் எடுத்தார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

வீரர் தேர்வில் இறுதி முடிவு மேலாளருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீராதா?

பழைய கோப்பு

எழுதிக் கொடுத்தும் தீரவில்லை என்பதற்கு ஒரே வாரத்தில் கிடைத்த இரண்டு சான்றுகள் இருக்கின்றன. 2008 செப்டம்பர் 3 அன்று வெஸ்ட் ஹாம் மேலாளர் ஆலன் கர்பிஷ்லி பதவி விலகினார். மறுநாள் நியூகாசில் மேலாளர் கெவின் கீகன் விலகினார்.

எந்த வீரர் வருவது, எந்த வீரர் போவது என்பதில் முடிவு தன்னுடையது என்ற உறுதி கர்பிஷ்லியின் ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஆயினும் ஆண்டன் ஃபெர்டினாண்ட், ஜார்ஜ் மெக்கார்ட்னி ஆகிய தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் அவருடைய ஒப்புதல் இல்லாமலேயே சண்டர்லாந்துக்கு விற்கப்பட்டார்கள்.

கீகனின் கதை இதைவிட விசித்திரமானது. இக்னாசியோ கொன்சாலெஸ் என்ற உருகுவே வீரரை வலென்சியாவிலிருந்து ஒரு பருவத்துக்கு இரவலாக எடுக்க நிர்வாகம் முனைந்தபோது, அவர் ஆட்டத்தை யூடியூபில் பார்த்துக்கொள்ளும்படி கீகனிடம் சொல்லப்பட்டது. பார்த்துவிட்டு வேண்டாம் என்றார், அப்படியும் எடுத்தார்கள். தென் அமெரிக்க முகவர்கள் இருவருடைய தயவைச் சம்பாதிப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது என்பது பின்னர் நடுவர் மன்ற விசாரணையில் வெளிவந்தது. வீரர்கள் விஷயத்தில் இறுதிச் சொல் கீகனுடையதே என்று பத்திரிகைகளுக்கும் ரசிகர்களுக்கும் தெரிந்தே தவறான தகவல் தந்து வந்ததை அதே விசாரணையில் கழகம் ஒப்புக்கொண்டது. 2009 அக்டோபரில் கீகனுக்கு 20 லட்சம் பவுண்டு இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது; கர்பிஷ்லியும் தம் வழக்கில் வென்றார்.

ஆகவே, நண்பரே, நீங்கள் கேட்கும் அந்த வரி மேலாளர்களுக்கு மரியாதையோடு வெளியேறும் உரிமையையும் இழப்பீட்டையும் வாங்கித் தந்தது. அணியை வாங்கித் தரவில்லை. தீர்ப்பு வந்த நேரத்தில் நியூகாசில் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கி முடிந்திருந்தது.

கணக்குப்பிள்ளை

உரிமையாளர்கள் தலையிடுவதை வெறும் அகந்தை என்று தள்ளிவிட முடியாது. (அகந்தையும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.) அவர்கள் பார்வையில் வீரர் என்பவர் கணக்கேட்டில் உள்ள ஒரு சொத்து. அவருக்குக் கொடுத்த விலை வாங்கிய ஆண்டிலேயே செலவாக எழுதப்படுவதில்லை. ஒப்பந்தக் காலம் முழுவதும் பங்கிட்டு எழுதப்படுகிறது. 2023 ஜனவரியில் செல்சீ என்ஸோ ஃபெர்னாண்டஸை ஏறத்தாழ 10.7 கோடி பவுண்டுக்கு வாங்கி எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அதனால் ஆண்டுச் செலவு சுமார் 1.25 கோடி என்று கணக்கில் ஏறியது. ஐந்து ஆண்டுகளுக்குப் பங்கிட்டிருந்தால் அது 2.1 கோடியைத் தாண்டியிருக்கும். இந்த வழியை அடைக்கத்தான் முதலில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமும், பிறகு 2023 டிசம்பரில் பிரீமியர் லீக் கழகங்களும், எவ்வளவு நீண்ட ஒப்பந்தமானாலும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பங்கிடக் கூடாது என்று முடிவு செய்தன.

இப்போது மேலாளரின் நாற்காலியைப் பாருங்கள். ஒன்றரை ஆண்டில் போய்விடக்கூடிய ஒருவரின் விருப்பத்துக்காக எட்டு ஆண்டுச் சுமையை ஏற்றுக்கொள்ள எந்த முதலாளிதான் துணிவார்? அந்தச் சுமையைச் சுமக்கத் தவறினால் தண்டனையும் உண்டு. மூன்று பருவங்களில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்ற விதியை மீறியதற்காக 2023 நவம்பரில் எவர்டனுக்குப் பத்துப் புள்ளிகள் குறைக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது ஆறாயிற்று. புள்ளிகள் போனபோது அணியை நடத்திக்கொண்டிருந்தவர், விதிமீறலுக்குக் காரணமான பருவங்களில் அங்கே இல்லாதவர்.

விற்பனைக்கும் இதே கணக்குத்தான். தன் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த வீரருக்குக் கழகம் விலை எதுவும் கொடுத்திருக்காது. அவரை விற்றால் வரும் தொகை முழுவதும் இலாபமாக எழுதப்படும். மேசன் மவுண்ட், கானர் கேலகர் போன்றோரைச் செல்சீ விட்டுக்கொடுத்ததற்கு ஆடுகளத்தில் காரணம் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

மழைநாள் ரசிகர்

கணக்கு சரிதான், ஆனால் ஏட்டில் சொத்தாக இருப்பவர் களத்தில் பாரமாகவும் இருக்கலாம். 2006இல் சுமார் 3 கோடி பவுண்டுக்குச் செல்சீக்கு வந்த முன்கள வீரர் ஷெவ்செங்கோ, மேலாளர் மொரின்யோவைவிட அன்றைய உரிமையாளர் அப்ரமோவிச்சின் விருப்பத் தேர்வு என்றே பரவலாகப் பேசப்பட்டது. அவரை ஆடவைத்தால் அணியின் அமைப்பு குலைந்தது. உட்காரவைத்தால் முதலாளியின் முகம் கோணியது. 2007 செப்டம்பரில் மொரின்யோ கிளம்பிவிட்டார்.

அதற்காகக் கேள்வி கேட்டவரின் பக்கம் முழுதாகச் சாயவும் மனம் வரவில்லை. மேலாளர்களின் கண்ணும் எல்லா நேரமும் நம்பத்தக்கதல்ல. தன்னிடம் முன்பு ஆடியவர்களையே தேடிப் போகும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகத்தில் டென் ஹாக்கிடம் ஆடிய ஆன்டனியை, டென் ஹாக் மேலாளராகச் சேர்ந்த மான்செஸ்டர் யுனைடெட் 2022இல் 8 கோடி பவுண்டுக்கும் அதிகமாகக் கொடுத்து வாங்கியது. 2024 அக்டோபரில் டென் ஹாக் நீக்கப்பட்டார். ஆன்டனி அடுத்த ஜனவரியில் இரவலாக ஸ்பெயினின் ரியல் பெடிஸுக்கு அனுப்பப்பட்டார். மறுபுறம், 2017இல் சாலாவை எடுத்தே ஆக வேண்டும் என்று லிவர்பூலின் விளையாட்டு இயக்குநர் மைக்கேல் எட்வர்ட்ஸும் அவருடைய குழுவினரும் தன் காதருகே ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததாக அன்றைய மேலாளர் க்ளோப்பே பின்னர் சொல்லியிருக்கிறார். மேலாளரின் முதல் விருப்பம் மட்டுமே செல்லுபடியாகியிருந்தால் லிவர்பூல் வேறொருவரை வாங்கியிருக்கக்கூடும்.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு பிரைட்டன் கழகம். டுகெலின் இடத்துக்கு அவர்களுடைய மேலாளர் பாட்டரைத்தான், பருவம் தொடங்கி ஒரு மாதத்தில், செல்சீ கொத்திக்கொண்டு போனது. பிரைட்டனுக்கு டி செர்பி வந்தார். அதே வீரர்களை வைத்துக்கொண்டு ஆறாம் இடத்தில் முடித்து, கழக வரலாற்றிலேயே முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றார். வீரர் தேர்வு மேலாளரின் பெட்டிக்குள் இருந்திருந்தால் பாட்டரோடு அதுவும் போயிருக்கும். ஈக்குவடாரிலிருந்து சொற்ப விலைக்குக் கண்டெடுத்த கைசெடோவை 2023இல் 11.5 கோடி பவுண்டு வரை எட்டக்கூடிய தொகைக்கு அதே செல்சீக்கே விற்றார்கள் என்பது தனிச் சுவை.

நடுக்களப் பார்வையாளர்

மூவருக்கும் நன்றி. பிரைட்டன் விஷயத்தில் ஒரு தடை சொல்கிறேன்: அங்கே உரிமையாளர் டோனி ப்ளூம் புள்ளிவிவரத்தையே தொழிலாகக் கொண்டவர். அப்படிப்பட்ட உரிமையாளர் எத்தனை கழகங்களுக்கு வாய்ப்பார்? போகட்டும், தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வேண்டாம், மறுக்கும் அதிகாரமாவது மேலாளருக்கு இருக்கலாம் அல்லவா?

பழைய கோப்பு

இருக்கலாம், பல கழகங்களில் நடைமுறையில் அப்படித்தான் நடக்கிறது. தேர்வுக் குழு மூன்று பெயர்களை வைக்கும், மேலாளர் ஒன்றை அடித்துவிடலாம். ஆனால் ஆகஸ்டு மாதக் கடைசி இரவில், காயம்பட்ட தடுப்பாட்டக்காரருக்கு மாற்று இல்லாத நிலையில், அந்த மறுப்பைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும் என்பது வேறு கேள்வி. இருப்பவரை மறுத்தால் யாருமே இல்லாமல் மேலும் நான்கு மாதம் ஓட்ட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதவியின் பெயரே மாறிக்கொண்டிருக்கிறது. ஸ்லாட் லிவர்பூலுக்கும் அமோரிம் யுனைடெட்டுக்கும் 2024இல் வந்தது மேலாளராக அல்ல, வீரர் தேர்வில் அதிகாரம் குறைந்த தலைமைப் பயிற்சியாளராகத்தான். எதிர்த்திசையில் நடந்தவர் ஆர்டெட்டா: 2019 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளராக ஆர்சனலுக்கு வந்தவர், எஃப்.ஏ. கோப்பையை வென்ற சில வாரங்களில், 2020 செப்டம்பரில், மேலாளர் ஆக்கப்பட்டார். நீங்கள் ஒப்பந்தத்தில் தேடும் அந்த வரியை அவர் கோப்பையைக் கொடுத்துத்தான் வாங்கினார்.