டெலோரியன் கார் கதவுக்கு உதவி தேவை

உறவுகளே, ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்த அப்பாவுக்கு இப்போது பார்கின்சன் நோய். கோப்பையைப் பிடித்தால் தேநீர் சட்டையில் சிந்துகிறது. பார்க்க மனம் தாங்கவில்லை.

நானும் தம்பியும் பழைய கார் ஒன்றில் தகரம் அடித்து, 1985இல் வெளிவந்த ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தில் காலப்பயணம் போகும் டெலோரியன் காரைப் போலவே ஒன்றை உருவாக்கி வருகிறோம். அதில் நடித்த மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கும் இதே நோய்தான். அவர் 2000இல் தொடங்கிய அறக்கட்டளை ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுகிறது. ஏப்ரலில் நுவரெலியாவில் காரைக் காட்சிக்கு நிறுத்திச் சேரும் நன்கொடை முழுவதும் அங்கேதான் போகும்.

மேல்நோக்கித் திறக்கும் கதவுதான் நிற்கவில்லை. தம்பி தோளில் விழுகிறது. வேன் பின்கதவைத் தாங்கும் காற்றழுத்தத் தண்டு நான்கு, பழையதானாலும், யாரிடமாவது இருக்கிறதா? நுவரெலியா கிரகரி வாவிக்கரையில் காரை நிறுத்த அனுமதி யாரிடம் கேட்பது என்று தெரிந்தவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.