3 கணினி லைசென்ஸ், ஓடுவது 2, ஆனால் "லிமிட் முடிந்தது" என்கிறது

விண்டோஸை மறுபடி நிறுவி ஆன்டிவைரஸ் கீயைப் போட்டால் ஆக்டிவேட் ஆக மறுக்கிறது. கூடவே புது வெர்ஷனுக்கு மாறச் சொல்லி அறிவிப்பு வேறு. இதைக் கையாண்டவர்கள் சொல்லுங்கள்.

*

எத்தனை கணினி என்ற எண்ணிக்கை இருப்பது உங்கள் கணினியில் இல்லை, ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் சர்வரில். ஆக்டிவேட் செய்யும்போது மதர்போர்டு, டிஸ்க், விண்டோஸ் நிறுவல் போன்ற விவரங்களை வைத்து மென்பொருள் ஓர் அடையாளத்தை உருவாக்கி அங்கே பதிகிறது. ஃபார்மேட் செய்தாலோ மதர்போர்டு மாற்றினாலோ அந்த அடையாளம் மாறிவிடலாம். சர்வருக்கு அது புதுக் கணினி. பழைய பதிவும் அப்படியே இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஃபார்மேட் செய்கிற டிஸ்க், போகிறேன் என்று யாருக்கும் சொல்லிவிட்டுப் போவதில்லை!

நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து சாதனப் பட்டியலைத் திறங்கள். ஒரே பெயரில் இரண்டு இருந்தால், கடைசியாகத் தொடர்புகொண்ட தேதி பழையதாக இருப்பதை நீக்குங்கள். சில நிமிடம் கழித்து மென்பொருளை மூடித் திறந்து கீயைப் போடுங்கள். கீ இன்னும் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்றால் முதலில் அதைச் சேர்க்க வேண்டும். அப்படியும் நகரவில்லையா, ஆர்டர் எண்ணோடு உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள், பழைய பதிவை அவர்களே நீக்கித் தருவார்கள். முழுக் கீயையும் பொதுவெளியில் ஒட்டிவிடாதீர்கள்.

அடுத்த முறை ஃபார்மேட்டுக்கு முன்பே டிஆக்டிவேட் செய்துவிடுங்கள். அன்இன்ஸ்டால் செய்தால் இடம் தானாகக் காலியாகும் என்று நம்ப வேண்டாம், பல மென்பொருள்களில் ஆகாது.

*

பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது, சர்வரோடு இணைப்பே கிடைக்காது. அது லிமிட் பிரச்சினையே இல்லை. விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் ஆன்டிவைரஸ் போட்டால் அதற்கும் ஓர் இடம் போகும்.

*

வெர்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். தினமும் வரும் டெஃபினிஷன் (வைரஸ் அடையாளப் பட்டியல்) வேறு, அதை வைத்துத் தேடிப் பிடிக்கும் என்ஜின் வேறு. டெஃபினிஷன் புதிதாக இருந்தாலும், நடத்தையை வைத்துப் பிடிக்கும் பகுதி பழைய என்ஜினில் பின்தங்கியே இருக்கும். சந்தா நடப்பில் இருந்தால் புது வெர்ஷன் பெரும்பாலும் இலவசம்தான். மாறிவிடுங்கள். ஆயுட்கால லைசென்ஸ் என்றால் மட்டும் அது எந்த வெர்ஷன் வரைக்கும் என்று நிபந்தனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறும் முன் விலக்குப் பட்டியலை (ஸ்கேன் செய்யாமல் விடச் சொன்னவை) எக்ஸ்போர்ட் செய்யுங்கள், சிக்கல் வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப ரீஸ்டோர் பாயின்ட் வையுங்கள், நிலுவையிலுள்ள விண்டோஸ் அப்டேட்களை முடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேறு நிறுவனத்துக்கு மாறுகிறீர்கள் என்றால் பழையதை அதன் சொந்த நீக்கும் கருவியால் எடுங்கள். மிச்சம் கிடக்கும் டிரைவர்தான் பின்னால் நெட் துண்டிப்புக்கும் நீலத்திரைக்கும் காரணமாகிறது. விண்டோஸ் 11இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு அமைப்பை இயக்க முடியாமல் தடுப்பதும் சில நேரம் இப்படிப்பட்ட பழைய டிரைவரே.

நிறுவியதும், ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்க்கவே உருவாக்கிய 68 எழுத்து கொண்ட ஐகார் (EICAR) சோதனைக் கோப்பை இறக்கிப் பாருங்கள். தீங்கில்லாதது, உடனே பிடிபட வேண்டும்.

*

விண்டோஸ் 10இல் இருந்தால் ஆன்டிவைரஸுக்குக் காசு போடும் முன் யோசியுங்கள். அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட்களைத் தொடர்ந்து தரும் நீட்டிப்புத் திட்டத்தில் சேராவிட்டால் சிஸ்டத்தின் ஓட்டைகள் அடைபடாது. எந்த ஆன்டிவைரஸாலும் அவற்றை அடைக்க முடியாது. விண்டோஸ் 11க்கு மாறினால் உள்ளேயே வரும் டிஃபென்டர் பலருக்குப் போதும், அதில் ஆக்டிவேஷன் லிமிட்டும் கிடையாது.