கலைச்சொல்: ‘சார்பு உட்செலுத்தல்’ வேண்டாம், ‘கொண்டுகூட்டு’ சரிவருமா?

சத்துவாச்சாரி, வேலூரிலிருந்து:

அன்புடையீர்,

ஜாவா ஆய்வகக் கையேட்டின் தமிழாக்கம், ஜாவா மென்பொருள்களைக் கட்ட உதவும் ‘ஸ்பிரிங்’ சட்டகம் பற்றிய பயிற்சியில் வந்து நிற்கிறது. நிரலுக்கு வேண்டிய பொருள்களை (ஆப்ஜெக்ட்) எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றில் விவரித்து, எதற்கு எது வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதிவைக்கிற முறை பற்றிய பயிற்சி. கோப்பு, குறிச்சொல், பண்புக்கூறு ஆகிய சொற்களில் சிக்கல் இல்லை, புழங்கிப் பழகிவிட்டன. நடுவில் நடக்கிற செயலுக்குத்தான் நல்ல பெயர் இல்லை. ஆங்கிலத்தில் ‘டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்’ என்கிறார்கள். இந்தக் குழுவில் பலரும் ‘சார்பு உட்செலுத்தல்’ என்றே எழுதிவருகிறீர்கள். அதைக் கையேட்டில் ஏற்ற எனக்கு மனமில்லை.

என் வகுப்பில் பாதிப்பேர் குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே ‘உறவுகளும் சார்புகளும்’. சார்பு என்றதும் அவர்களுக்கு அம்புக்குறிப் படமும் மதிப்பகமும் வீச்சகமும்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லையே வேறு பொருளில் நீட்டினால், ‘எந்தச் சார்பை எதற்குள் செலுத்துகிறோம்?’ என்று கேட்பார்கள், கேள்வி நியாயமானது. உட்செலுத்தலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேலூர் மருத்துவமனை ஊர். இங்கே அந்தச் சொல் ஊசி மருந்தோடு வரும்.

ஆங்கிலப் பெயரும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. முதலில் ‘கட்டுப்பாட்டைத் தலைகீழாக்குதல்’ என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எதற்கும் பொருந்துகிற மொட்டைப் பெயராக இருக்கிறது என்று மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் ஃபௌலர் 2004 ஜனவரியில் எழுதிய கட்டுரையில், பலரோடு பேசி முடிவு செய்ததாகச் சொல்லித்தான் இன்றைய பெயரை முன்வைத்தார். ஸ்பிரிங்கின் 1.0 பதிப்பு வந்தது அதே ஆண்டு மார்ச்சில். ஆக, அவர்களும் நம்மைப்போல் உட்கார்ந்து பேசித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நமக்கு எங்கிருந்து வந்தது?

செயலைப் பார்ப்போம். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் நகரப் பேருந்துக்குச் சீட்டுக் கொடுக்கும் சிறு நிரலைப் பயிற்சிக்கு எடுத்திருக்கிறேன். சீட்டுக்குக் கட்டணப் பட்டியல் வேண்டும். அச்சிட ஓர் அச்சுப்பொறி வேண்டும். வழக்கமாக எழுதினால் சீட்டு என்ற பொருள் தனக்கு வேண்டிய இரண்டையும் தானே உருவாக்கிக்கொள்ளும். இந்த முறையில் அது எதையும் உருவாக்குவதில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். யார் கொடுப்பது என்பது கோப்பில் இருக்கிறது. குறிச்சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன் (பீன் என்பது ஒரு பொருள், கிளாஸ் அதன் வகை, ரெஃப் அது கேட்கும் இன்னொரு பொருளின் பெயர்):

<பீன் ஐடி="சீட்டு" கிளாஸ்="பயணச்சீட்டு">
  <ப்ராப்பர்ட்டி நேம்="கட்டணம்" ரெஃப்="நகரக்கட்டணம்"/>
  <ப்ராப்பர்ட்டி நேம்="அச்சு" ரெஃப்="கைப்பொறி"/>
</பீன்>
<பீன் ஐடி="கைப்பொறி" கிளாஸ்="வெப்பஅச்சு"/>
<பீன் ஐடி="நகரக்கட்டணம்" கிளாஸ்="கட்டணப்பட்டியல்"/>

சீட்டு கேட்கிற கைப்பொறி அதற்குக் கீழேதான் விவரிக்கப்படுகிறது. நகரக்கட்டணம் அதற்கும் கீழே. ஆனாலும் தவறில்லை. ஸ்பிரிங் முதலில் எல்லா விவரிப்புகளையும் படித்து வைத்துக்கொள்கிறது. பிறகுதான் எங்கோ இருக்கிற பொருளை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. நாளைக்கு அச்சுச் சீட்டு வேண்டாம், குறுஞ்செய்தி போதும் என்றால் கைப்பொறியின் வரியில் கிளாஸை மட்டும் மாற்றலாம். சீட்டின் நிரலைத் தொடவே வேண்டாம். மறுபடி கம்பைல் செய்யவும் வேண்டாம்.

எங்கோ இருப்பதை எடுத்துவந்து வேண்டிய இடத்தில் சேர்ப்பதற்குத் தமிழில் பெயர் இல்லையா? இருக்கிறது. அதே பத்தாம் வகுப்பில், தமிழ்ப் புத்தகத்தில் இருக்கிறது. ‘ஆலத்து மேல குவளை குளத்துள வாலின் நெடிய குரங்கு.’ எழுதியபடியே படித்தால் ஆலமரத்தில் குவளை பூத்திருக்கும். குளத்தில் குரங்கு உட்கார்ந்திருக்கும். ஆலத்து மேல என்பதைக் குரங்கோடும், குளத்துள என்பதைக் குவளையோடும் எடுத்துச் சேர்க்கவேண்டும். அதுதான் கொண்டுகூட்டுப் பொருள்கோள். நன்னூல் சூத்திரம் ‘யாப்படி பலவினும் கோப்புடை மொழிகளை ஏற்புழி இசைப்பது கொண்டு கூட்டே’ என்கிறது. அங்கே ‘கோப்பு’ என்ற சொல்லும் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். இன்றைய கோப்பு அதுவல்ல, தெரியும். ஆனாலும் படித்தபோது சிரிப்பு வந்தது.

என் முன்மொழிவு இதுதான். செயலுக்குக் கொண்டுகூட்டு. அதைச் செய்கிற கருவிக்குக் கொண்டுகூட்டி. இப்போது எழுதும் ‘கொள்கலன்’ (கன்டெய்னர்) எனக்குப் பிடிக்கவில்லை, அது மென்பொருளைப் பொதிந்து இயக்கும் டாக்கருக்கே இருக்கட்டும். கோப்புக்கு அமைவுக் கோப்பு. ‘தகவமைவு’ வேண்டாம், உயிரியல் புத்தகத்தில் ஒட்டகமும் சப்பாத்திக்கள்ளியும் ஏற்கெனவே தகவமைத்துக்கொண்டிருக்கின்றன.

திட்டுவதானாலும் திட்டுங்கள்.

ஆரணியிலிருந்து:

ஐயா,

திட்டவில்லை, ஆனால் ஒப்பவும் முடியவில்லை.

குரங்கையும் குவளையையும் சேர்ப்பது படிக்கிறவரின் அறிவு. குரங்கு மரத்தில் இருக்கும், குவளை நீரில் பூக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும், அதனால் சேர்க்கிறார். உங்கள் கோப்பில் அப்படி எந்த ஊகத்துக்கும் இடமில்லை. எழுதியவர் ‘ரெஃப்’ போட்டுப் பெயரையும் சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்வதற்குக் கொண்டுகூட்டு என்று பெயரிட்டால் இலக்கணத்துக்கும் நியாயம் இல்லை, நிரலுக்கும் நியாயம் இல்லை.

எங்கள் வீட்டில் பட்டுத் தறி உண்டு. பாவு தீர்ந்ததும் தறியில் மிஞ்சியிருக்கும் பழைய இழை நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குவார்கள். பிணைத்தல் என்போம். எந்த நுனி எந்த நுனியோடு என்பது முன்பே தீர்மானம். ஒன்று மாறினாலும் புடவையில் தெரிந்துவிடும். ஜக்கார்டு போட்ட தறி என்றால் இன்னும் பொருத்தம். பூவும் கொடியும் துளையிட்ட அட்டைகளில் இருக்கின்றன, அட்டைக் கட்டை மாற்றினால் வேறு உடல், வேறு முந்தானை, தறி அதேதான். நிரலைத் தொடாமல் கோப்பை மாற்றுவது என்று நீங்கள் சொல்வதும் இதுதானே? ஆகவே பிணைத்தல், பிணைப்புக் கோப்பு. நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாது.

ராணிப்பேட்டையிலிருந்து:

வணக்கம். நான் மொழி அறிஞன் இல்லை. தோல் தொழிற்சாலை ஒன்றின் இருப்புக் கணக்கு மென்பொருளைப் பராமரிப்பவன். பழைய ஸ்பிரிங், உருட்ட உருட்ட முடியாத எக்ஸ்எம்எல் கோப்புகள். அவற்றோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற தகுதியில் மூன்று செய்திகள் சொல்கிறேன்.

பிணைப்பு ஏற்கெனவே ஆள் இருக்கிற வீடு. திரையில் தெரியும் படிவத்தையும் தரவையும் இணைப்பதைத் தரவுப் பிணைப்பு என்கிறோம். ஸ்பிரிங்குக்குள்ளேயே அதுவும் நடக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டு பிணைப்பு வந்தால் படிப்பவர் எதைப் பிடிப்பார்? வேதியியல் பிணைப்பு, நீதிமன்றப் பிணை எல்லாம் தனி.

அடுத்து, எக்ஸ்எம்எல்லோடு ஒட்டிய பெயர் வைக்காதீர்கள். 2007இல் வந்த 2.5 பதிப்பிலேயே நிரலுக்குள் குறிப்பு எழுதி இதே வேலையைச் செய்ய வழி வந்துவிட்டது. பிறகு அமைவையே ஜாவாவில் எழுதினார்கள். 2014இல் ஸ்பிரிங்கை எளிதாகத் தொடங்க உதவும் ஸ்பிரிங் பூட் வந்தபின் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தக் கோப்பைப் பார்ப்பதே அரிது. பழைய மென்பொருள் இருக்கும்வரை எங்களைப் போன்றவர்களுக்கு அது சோறு போடும். ஆனால் செயல் மாறவில்லை. பெயர் செயலுக்குத்தான் வேண்டும். அட்டை என்று பெயரிட்டால் அட்டையே இல்லாத தறிக்கு என்ன சொல்வீர்கள்?

கடைசியாக, ஆரணி நண்பரின் மறுப்பு பாதிதான் சரி. ‘ரெஃப்’ எழுதாமலே விடவும் முடியும். பெயரைப் பார்த்தோ வகையைப் பார்த்தோ நீயே சேர்த்துக்கொள் என்று ஒரே பண்புக்கூற்றில் சொல்லிவிடலாம். கட்டணம் என்ற இடத்துக்குக் கட்டணப்பட்டியல் வகையில் ஒரே ஒரு பொருள் இருந்தால் அதைக் கொண்டுவந்து வைக்கும். இரண்டு இருந்தால் திணறி நின்றுவிடும். ஆலத்தின் மேல் ஏற இரண்டு குரங்கு காத்திருந்தால் உரையாசிரியரும் அப்படித்தானே நிற்பார்? ‘ஏற்புழி இசைப்பது’ இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. என் ஓட்டு கொண்டுகூட்டுக்கு.

திருப்பத்தூரிலிருந்து:

தம்பிகளுக்கு,

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். கணினி எனக்குப் பேத்தி சொல்லிக்கொடுத்த அளவுக்குத்தான். பொருள்கோள் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

பெயர் சொல்லிச் சேர்ப்பதும் ஊகித்துச் சேர்ப்பதும் வேறு என்று ஆரணித் தம்பி சொல்வது இலக்கணத்தில் மெய். ஆனால் கொண்டுகூட்டு என்ற சொல்லுக்குள் ஊகம் இல்லை. கொண்டு, கூட்டு, எடுத்துவந்து சேர்ப்பது, அவ்வளவே. எதைக் கொண்டு முடிவு செய்தார்கள் என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. அதனால் இரண்டு வகைக்கும் அது பொதுவாக நிற்கும். வேறுபாடு வேண்டுமானால் முன்னே அடை சேருங்கள்: பெயர்வழிக் கொண்டுகூட்டு, வகைவழிக் கொண்டுகூட்டு.

பேத்தியிடம் உங்கள் கோப்பைக் காட்டினேன். பொருளை உருவாக்கும்போதே மதிப்புகளைச் சுழியம், ஒன்று என்று வரிசை எண் போட்டுக் கொடுக்கும் இன்னொரு வழியும் உண்டு என்றாள். முதலாவது முதலாவதற்கு, இரண்டாவது இரண்டாவதற்கு. அது நிரல்நிறை அல்லவா? உங்கள் துறையில் ‘நிரல்’ என்பதற்கு வேறு பொருள் ஏற்பட்டுவிட்டதால் குழப்பம் வரும் என்றால் விட்டுவிடுங்கள். எனக்குச் சொல்லத் தோன்றியது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ‘பொருள்கோள்’ என்பதைச் சேர்த்து எழுதாதீர்கள். உங்கள் பொருள் வேறு, எங்கள் பொருள் வேறு. மாணவன் இரண்டு தேர்வுத்தாளிலும் தவறாக எழுதிவைப்பான்.

சத்துவாச்சாரி, வேலூரிலிருந்து:

அம்மாவுக்கு வணக்கம். பொருள்கோள் என்றே வைத்துவிடலாம் என்று எனக்கும் ஆசை இருந்தது. நீங்கள் கதவைச் சாத்தியது நல்லது.

ஒரு கலைச்சொல் நிற்குமா விழுமா என்பதை வரையறையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. பிழைச்செய்தியில் வைத்துப் பார்க்கவேண்டும். பயிற்சிக் கோப்பில் ‘கட்டணம்’ என்பதை ‘கட்டனம்’ என்று மாற்றி எழுதி இயக்கினேன். எக்ஸ்எம்எல் தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் ஊன்றியது, ஜாவாவும் அப்படியே. ஆகவே பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். டண்ணகரப் பிழையும் தமிழிலேயே வரும். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை, அது கோப்பைப் பார்ப்பதே இல்லை. நிரல் தொடங்கும்போதுதான் விழுந்தது. அந்தச் செய்தியை இப்படிப் பெயர்த்தேன்:

‘சீட்டு’ என்ற பொருளில் ‘கட்டனம்’ என்ற பண்பு இல்லை, கொண்டுகூட்ட முடியவில்லை.

இதே இடத்தில் பழைய சொல்லைப் போட்டுப் பாருங்கள்: ‘சார்பு உட்செலுத்தல் தோல்வியுற்றது.’ எது எங்கே தவறியது என்று கடைசி வரிசை மாணவனுக்குப் புரியாது; மருத்துவரைத்தான் தேடுவான். ‘கொண்டுகூட்ட முடியவில்லை’ என்றால், கொண்டுவர ஆள் இல்லையா, கூட்ட இடம் இல்லையா என்று அவனே இரண்டாகப் பிரித்துத் தேடத் தொடங்குவான். பிழை பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். வினையாகவும் நன்றாக வளைகிறது: கொண்டுகூட்டியது, கொண்டுகூட்டாத பொருள், கொண்டுகூட்டும் முன். ‘உட்செலுத்தப்படாத சார்பு’ என்று எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த நிம்மதி தெரியும்.

ஆரணி நண்பரின் ஜக்கார்டை விட மனமில்லை. சொல்லாக வேண்டாம், அமைவுக் கோப்பை விளக்கும் பத்தியில் அட்டைக் கட்டு அப்படியே போகட்டும். வகுப்பில் ஆரணிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மற்றவர்களுக்கு அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். நிரல்நிறையைக் கையேட்டின் ஓரத்தில் சிறு எழுத்தில் வைக்கிறேன். ராணிப்பேட்டை நண்பர் சொன்ன வகைவழிக்குத் தனிப் பயிற்சியே எழுதவேண்டும். இரண்டு குரங்கையும் அதில் ஏற்றிவிடுகிறேன்.

‘பீன்’ என்பதற்கு என்ன என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார். ஜாவா காப்பியிலிருந்து வந்த கேலிப்பெயர் அது. கொட்டை, விதை, மணி என்று ஆளுக்கொன்றாக எழுதினால் இந்தக் கையேடு அடுத்த ஆடிக்கும் வெளிவராது. குறிச்சொல்லில் பீன் என்றே இருக்கட்டும், விளக்கத்தில் பொருள் என்று எழுதுவோம். ‘சிங்கிள்டன்’ (ஒரே ஒரு பொருளை மட்டும் உருவாக்கி எல்லோருக்கும் கொடுப்பது) பற்றிப் பேச விரும்புகிறவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள்.